அத்தைக்குத் தைத்த பாஸ்கு ரோப்

எனக்குத் துணிமணி என்றால் உயிர். இந்த வயதில் இதை ஒப்புக்கொள்ள எனக்கென்ன வெட்கம்? முழங்கால் போயிற்று, பல் போயிற்று, ஆசை மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. என்னோடு சேர்ந்து கிழவிகளான நீங்கள் சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் என் பேத்தி அலமாரியைக் காலி செய்கிறாள். பழையதை மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, புதிதாக வாங்கியதைக் கட்டில்மேல் பரப்பி, "ஆயா, எனக்கு எது எடுப்பா இருக்கும், சொல்லு" என்று கூப்பிடுகிறாள். நானும் போய்ச் சொல்கிறேன். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறேன். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், எங்கம்மாவிடம் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். இன்று மாற்றப் போவதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. அப்பா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை, இவ்வளவுதான் ஆள். நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். அதனால் எங்களுக்கு வருஷத்தின் நிறம் மாறுவது காலண்டரைப் பார்த்து அல்ல, கோயிலைப் பார்த்து. மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொண்டு வந்தால் தபசுக்காலம் தொடங்கிற்று என்று அர்த்தம். அதிலிருந்து நாற்பது நாள் பூ கிடையாது, கலர் துணி கிடையாது, பவுடர் கிடையாது, கண்ணாடி வளையல்கூடக் கிடையாது. கோயிலில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். மாதா எங்கே, சூசையப்பர் எங்கே என்று அளவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் அம்மா சைகோன் பெட்டியைத் திறப்பாள். கற்பூர மரத்தில் செய்து சைகோனிலிருந்து கப்பலில் வந்த பெட்டி. அங்கேயும் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சிதான், எங்கள் ஆட்கள் உத்தியோகத்துக்குப் போவார்கள். மூடியைத் தூக்கியதும் மூக்கில் குளிர்ச்சி ஏறும், கண்ணில் தண்ணீர் வரும். வீட்டிலிருக்கும் கலர் எல்லாம் அதற்குள் போகும். அத்தையின் புடவைகள், அம்மாவின் புடவைகள், என் பாவாடைகள், தலைக்குக் கட்டும் ரிப்பன், வளையல், வட்டமான பவுடர் டப்பா எல்லாம். அம்மா ஒவ்வொரு புடவையையும் மடிக்கும்போது கன்னத்தில் ஒற்றி எடுப்பாள். "போய்ட்டு வாடி ராஜாத்தி. நாப்பது நாளுதான். அழுவாத" என்பாள். பிறகு பூட்டிச் சாவியை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு நூல் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அந்தப் புடவையில் அம்மாவைப் பார்த்தால் யார் வீட்டு அம்மாவோ என்றிருக்கும்.

உங்களுக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது. அவள் துணியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் தெருவே கேட்கும். "மாநிறத்துக்கு ஊதா எடுத்தா மூஞ்சில சாயங்காலம் ஆயிடும்" என்பாள். "வெய்ய நாள்ல மஞ்சதான் எடுப்பு. அதுவும் மாம்பூ மஞ்ச. எலுமிச்ச மஞ்ச எடுத்தா ஆளு காமாலக்காரி மாதிரி இருப்பா" என்பாள். பூப்போட்ட துணி என்றால் பூ சின்னதாக இருக்க வேண்டுமாம். "பெரிய பூவா எடுத்தா பொம்பளயா தெரியமாட்டா, பூந்தொட்டியாதான் தெரிவா." பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த ரோஜா இதழ் மூன்றையும் அரைத்து அவள் செய்யும் குளியல் மாவை இரவல் கேட்டு எதிர்வீட்டுக்காரிகள் வருவார்கள். அந்த மாவின் வாசனை இன்றும் என் உள்ளங்கையில் இருப்பது போலத்தான் இருக்கிறது.

தபசுக்காலத்து மத்தியானங்கள் எனக்குக் கனவு மாதிரி ஞாபகத்தில் இருக்கின்றன. வேப்ப மரம் பூத்து, கொல்லை முழுக்க வெள்ளையாய் உதிர்ந்து கிடக்கும். ஒருசந்தி இருப்பவர்கள் பசியில் பேச்சைக் குறைத்துவிடுவார்கள். தெரு முழுக்க ஒரு மௌனம். வைத்திக்குப்பத்து மீன்காரி மட்டும் கூடையோடு வந்து கத்திவிட்டுப் போவாள். நான்கு மணிக்குக் கடற்காற்று தெருவுக்குள் நுழைந்து, ஜன்னல் கதவுகளைத் தட்டிவிட்டு, கொடியில் காயும் வெள்ளைத் துணிகளையெல்லாம் ஒரே நேரத்தில் தூக்கும். கலரே இல்லாத அந்த நாட்களில்தான் நான் கலரை நினைத்துக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடினால் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் தெரியும்.

அந்த வருஷம் தபசு தொடங்கி இரண்டாம் வாரத்தில் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. சைகோனில் கஸ்டம்ஸில் வேலை பார்ப்பவர் ஒருவர், பெண்டாட்டி இறந்து இரண்டு வருஷம் ஆனவர், மூன்று குழந்தைகள், லீவில் ஊருக்கு வருகிறார். பாஸ்கு பூசைக்கு எங்கள் கோயிலுக்கே வருவார். நீங்கள் ஈஸ்டர் என்பதைத்தான் நாங்கள் பாஸ்கு என்போம். பூசை முடிந்து தன் அக்காளோடு எங்கள் வீட்டுக்குக் காப்பி சாப்பிட வந்து, அத்தையைப் பார்ப்பார். பிடித்துவிட்டால் இரண்டு வாரத்தில் கல்யாணம், அடுத்த கப்பலில் சைகோன். கடிதத்தின் கடைசியில் அந்த அக்காள் ஒரு வரி சேர்த்திருந்தாள்: தம்பி பெரிய உத்தியோகத்தில் இருப்பதால், பெண் புடவையில் இருந்தால் சரிப்படாது, ரோப் போட்டுப் பழகியவளாக இருக்க வேண்டும். ரோப் என்றால் கவுன். வெள்ளைக்காரிகள் போடுவார்கள், சைகோனுக்குப் போய்வந்த எங்கள் ஆட்களில் சிலர் போடுவார்கள்.

அத்தைக்கு இருபத்து நான்கு வயது. அந்தக் காலத்துக் கணக்கில் அது முற்றிப்போன வயது. வந்த இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. அப்பா கடிதத்தை மடித்து, "கர்த்தர் கண்ண தொறந்துட்டாரு" என்றார். அம்மா உடனே "ரோப்புக்கு எங்க போறது?" என்றாள். அத்தை முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. நான் மட்டும் அழுதேன். நான் அத்தையின் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள். என் தலைக்குப் பேன் பார்ப்பவள், பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னுகிறவள், எனக்கு எல்லாம் அவள்தான். கப்பலில் போனவர்கள் திரும்பி வருவது எவ்வளவு அபூர்வம் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த நாள் கோயிலில் ஊதாத் துணிக்குள் இருந்த மாதாவிடம், அத்தையை அனுப்பாதே என்று கேட்டுக்கொண்டேன். துணி மூடியிருக்கிறதே, காதில் விழுமோ விழாதோ என்று இரண்டு தடவை சொன்னேன்.

அத்தை ஒரு தையல்கூடத்தில் வேலை செய்தாள். மாமேர்கள், அதாவது கன்னியாஸ்திரீகள், நடத்திய இடம். பிரான்சில் இருக்கும் பெரிய வீடுகளுக்கு மேஜைத் துணி, தலையணை உறை, கல்யாணப் பெண்களுக்கான துணி என்று தைத்து, லேஸ் வைத்து அனுப்புவார்கள். அங்கே நூல் சுற்றி வரும் தாள்களெல்லாம் பிரான்சுக் கடைகளின் பழைய படப் புத்தகத்துத் தாள்கள். அத்தை அவற்றை எனக்குக் கொண்டுவருவாள். நான் படத்தில் இருக்கும் சீமாட்டிகளை மட்டும் கத்தரிக்கோலால் சுற்றி வெட்டி எடுத்து, பிஸ்கோத்து டப்பாவில் அடுக்கிவைத்திருந்தேன். எழுத்தும் விலையும் எனக்கு வேண்டாம், எறிந்துவிடுவேன். எழுபது எண்பது சீமாட்டிகள் இருந்திருப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன். அவர்களைச் சுவரில் சாய்த்து வரிசையாய் நிறுத்திவிட்டால் எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

"அந்த டப்பாவ எடுத்தாடி" என்றாள் அம்மா ஒருநாள் மத்தியானம். பாயில் என் சீமாட்டிகளைப் பரப்பினாள். அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! தபசுக்காலத்தில் கலர் கிடைத்துவிட்ட சந்தோஷம். படம் எல்லாம் கறுப்பு வெள்ளைதான், ஆனால் அவளுக்குக் கலர் தெரிந்தது. "இது பச்சையா இருக்கும். இது ரோசு." ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். "ஐயய்யோ, இவளுக்குக் கெண்டக்காலு தெரியுது. இவளுக்கு முட்டிக்கே வந்துட்டுது. கையில்லாத ரோப்பா, போட்டுக்கினு கோயில்ல போய் நிப்பியா நீ?" தள்ளித் தள்ளிக் கடைசியில் நாலைந்துதான் மிச்சம்.

அப்போது அத்தை குனிந்து ஒரு படத்தை எடுத்தாள். கால்வரை நீண்டு தரையைத் தொடும் ரோப். முழங்கை தாண்டிக் கை. கழுத்தைச் சுற்றி லேஸ், மார்புக்குக் கீழே ஒரு நாடா. மற்றபடி வழவழவென்று தண்ணீர் வழிவது போல விழுந்திருந்தது. "இது நல்லா இருக்கு அண்ணி" என்றாள் அத்தை.

கடிதம் வந்த நாளிலிருந்து அவள் அந்த விஷயத்தில் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடி, உங்கத்த கண்ண! இத்தினில இதுதான் அடக்கமா, மூடிக்கினு, மரியாதயா இருக்கு" என்று அந்தத் தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். உண்மைதான். எங்கள் கண்ணுக்கு அந்த எண்பது பேரில் அவள் ஒருத்திதான் ஒழுங்காக உடுத்தியிருந்தாள்.

துணி எது என்று கேள்வி வந்தது. அம்மா எழுந்து போய், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தாள். தபசில் பெட்டியைத் திறக்கிறாளே என்று நான் பயந்தேன். அடியில் கையை விட்டு, மல் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சாட்டின் துணி. நன்றாகப் பழுத்த கொய்யாவைப் பிட்டால் உள்ளே இருக்குமே, அந்த நிறம். அம்மாவின் கல்யாணத்துக்கு சைகோன் உறவுக்காரர் யாரோ கொடுத்தது. பத்து வருஷமாக ஒவ்வொரு பாஸ்குக்கும் அதை வெளியே எடுப்பாள், தோளில் போட்டுப் பார்ப்பாள், இந்த வருஷம் வேண்டாம் என்று உள்ளே வைத்துவிடுவாள். ரொம்ப உசத்தியான துணியை வெட்ட அவளுக்கு மனம் வராது. அன்றைக்கு அதை அத்தையின் மடியில் வைத்தாள்.

"அண்ணி, இது உங்களுது" என்றாள் அத்தை. அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"எனக்கென்ன இனிமே. நீ நல்லா இருந்தா எனக்கு அதுவே போதும். தொடு, எப்படி வழுக்குது பாரு."

அத்தை தொடவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். வெட்கம் என்று அம்மா சொன்னாள்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், தைத்துப் போட்டுப் பார்க்கவில்லையா என்று. அதுதான் விஷயம். தபசில் அலங்காரம் பாவம். அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் கேட்டாள், கல்யாணக் காரியத்துக்குத் துணி தைக்கலாமா என்று. தைக்கலாம், ஆனால் பாஸ்குக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை மணி அடிக்கும்வரை உடம்பில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அளவு எடுத்ததெல்லாம் அத்தையின் பழைய ரவிக்கையிலும் பாவாடையிலும்தான். தைத்தவர் சாமியார்களுக்கு அங்கி தைக்கும் தையற்காரர். வாழ்க்கையில் ரோப் தைத்ததில்லை. என் சீமாட்டியை ஆணியில் குத்தித் தொங்கவிட்டுப் பார்த்துப் பார்த்துத் தைத்தார். "இடுப்புல பிடிக்கவே இல்லியேம்மா, இவ்ளோ தொளதொளன்னா இருக்கும்?" என்று கேட்டார். "படத்துல இருக்கற மாதிரி தைங்க" என்றாள் அம்மா. லேஸை அத்தையே பின்னி வைத்தாள். தினமும் சாயங்காலம் வெளிச்சம் போகும்வரை அந்தச் சாட்டினை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு, கப்பல் கவிழ்ந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பேன். அதில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று நினைக்கத் தெரியாத வயது.

பெரிய வியாழக்கிழமையிலிருந்து கோயில் மணி அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். மணிகளெல்லாம் ரோமாபுரிக்குப் பறந்து போயிருக்கின்றன, சனிக்கிழமை திரும்பி வரும் என்று மாமேர்கள் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் சனிக்கிழமை காலையிலிருந்து கொல்லையில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பம்பூ முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. கடல் பக்கமிருந்து ஏதோ வெள்ளையாய் வருவது போல இருந்தது. மணிதான் என்று இன்றும் சத்தியம் செய்வேன். திடீரென்று எல்லாக் கோயிலிலும் ஒன்றாக மணி அடித்தது. தெரு முழுக்கப் பெட்டி திறக்கும் சத்தம். ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தால், அம்மா அதற்குள் மாம்பூ மஞ்சளில் நிற்கிறாள்!

மறுநாள் விடியற்காலை அத்தையை அம்மா குளியல் மாவு தேய்த்துக் குளிப்பாட்டினாள். கொலோன் தண்ணியைக் காதுக்குப் பின்னால் தொட்டுவைத்தாள். பவுடரை முதலில் தன் புறங்கையில் தட்டிப் பார்த்து, பிறகு அத்தையின் முகத்தில் ஊதினாள். கடைசியில் ரோப்பை மாட்டினாள். அது அத்தையின் மேல் வழிந்து இறங்கியது. அம்மா இரண்டு அடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "என்னமோ ஒரு மாதிரி ஒட்டுதே" என்றாள்.

"இப்படித்தான் இருக்கும் அண்ணி" என்றாள் அத்தை.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவ்வளவு அழகாக ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. இன்றுவரையும் இல்லை.

பாஸ்கு காலைப் பூசைக்கு நாங்கள் நால்வரும் நடந்தே போனோம். அத்தை தலையில் வலை முக்காடு, கையில் பூசைப் புத்தகம். கோயிலுக்குள் ஊதாத் துணியெல்லாம் போய், மாதா நீலத்தில் சிரித்தாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்கூடத்துப் பெண்களில் ஒருத்தி அத்தையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருப்பவளை இடித்தாள். இரண்டு பேரும் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பொறாமை என்று நினைத்தேன். வெளியே வரும்போது இரண்டு வெள்ளைக்கார மதாம்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தி சட்டென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். குடை குலுங்கியது. அம்மா அவர்களுக்குப் பெருமையாக "போன்ழூர்" சொன்னாள்.

பிறகு சைகோன்காரரும் அவருடைய அக்காளும் வீட்டுக்கு வந்தார்கள். அவர் நெட்டையாக, களைத்துப்போன முகத்தோடு இருந்தார். கோட்டுப் பையிலிருந்து எனக்கு ஒரு மிட்டாய்ப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். அவரைப் பிசாசு என்று நான் தீர்மானித்திருந்ததால் வாங்கிக்கொள்ளவில்லை. இன்று நினைத்தால் பாவமாக இருக்கிறது. அக்காள்காரி மட்டும் உட்காரவில்லை. அத்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். விரலால் துணியைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"துணி நல்ல துணி" என்றாள். "யாரு தைச்சது?"

"படத்தப் பாத்து தைக்கச் சொன்னோம். பாரிஸ் மாடல்" என்றாள் அம்மா.

"பாரிஸ் மாடல்தான். நான் பன்னெண்டு வருஷம் சைகோன்ல மதாம்ங்க வீட்டுக்குப் போக வர இருந்தவ. இத அவங்க படுக்கப் போறப்ப போட்டுக்குவாங்க. படுக்கற ரூம்ப உட்டு வெளிய வரமாட்டாங்க இதோட. இதப் போட்டுக்கினு பூசைக்கு வந்து சாமியார் கையால நாக்குல நன்மை வாங்கியிருக்கீங்களே, ஊரே பாத்துதே! என் தம்பிய வெச்சிக்கினு ஒரு சபைல நிக்க முடியுமா?"

அம்மா கையிலிருந்த காப்பித் தட்டைத் தரையில் வைத்தாள். அந்த மனிதர் எழுந்து, அத்தையைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, "மன்னிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார். அவர்கள் போனதும் அப்பா வாசல் கதவைத் தாழ்போட்டார். "நாளக்கி நான் ஆபீசுக்கு எப்படிடி போவேன்?" என்று அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு தடவை கத்தினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல நாள் அவர் அம்மாவிடம் பேசவில்லை.

அம்மா என்னை இழுத்துவந்து அந்தப் படத்தை முன்னால் நீட்டினாள். "இந்தப் படத்துல அவ கையில இன்னாடி இருந்துச்சி? கை இப்படி மடிஞ்சிருக்கே, இன்னா இருந்துச்சி?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "மெழுகுவத்தி" என்றேன். ராத்திரி படுக்கப் போகிறவள் கையில் பிடித்துக்கொண்டு போவது.

"எங்க அது?"

"வெட்டும்போது கோணிக்கினு போச்சி. அதனால கத்திரிச்சிட்டேன்."

அடி என்றால் அப்படி ஓர் அடி. அம்மா என்னை அடித்துக்கொண்டே அழுதாள். பிறகு பிஸ்கோத்து டப்பாவை எடுத்துப் போய், என் சீமாட்டிகள் எல்லோரையும் அடுப்பில் போட்டாள். தாள் சுருண்டு சுருண்டு எரிந்தது. பேர் பேராகச் சொல்லி அழுதேன்.

மறுநாள் மத்தியானம் அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினாள். அவள் முகத்தில் அழுத தடமே இல்லை.

"வலிக்குதா?"

"உம்."

"உம்மேல தப்பு இல்லடி. அது படுக்கற சட்டைன்னு எனக்குத் தெரியும். மாமேருங்க கிட்ட அந்த மாதிரி முப்பது தைச்சிருப்பேன். கழுத்துக்கு லேஸ் வெக்கறதே நான்தான்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "அப்ப ஏன் அத்தே சொல்லல?"

"போறியாடின்னு ஒருத்தராவது என்னக் கேட்டாங்களா? கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். எந்தத் துணி வேணும்னுதான் கேட்டாங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

எனக்குப் பாதி புரிந்தது. அத்தை போகப் போவதில்லை என்பது நன்றாகப் புரிந்தது. சந்தோஷத்தில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அப்புறம்தான் சொன்னேன், "அம்மா அழுதுக்கினே இருக்காங்க அத்தே."

எண்ணெய் தடவிய கை நின்றுவிட்டது. "தெரியும்" என்றாள். "அவங்க அந்தத் துணிய எடுத்துத் தருவாங்கன்னு நான் நினைக்கல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல." பிறகு தன் செபமாலையின் சிலுவையை என் கையில் வைத்து மூடினாள். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் இது அண்ணிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? சத்தியம் பண்ணு." பண்ணினேன். ஒன்பது வயதில் சத்தியம் எவ்வளவு லேசாக வந்துவிடுகிறது!

அதற்குப் பிறகு அத்தைக்கு வரன் வரவில்லை. படுக்கிற சட்டையில் பூசைக்கு வந்தவள் என்ற பேச்சு ஊரில் ரொம்ப நாள் இருந்தது. அவள் அதைப் பற்றித் துளியும் கவலைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. கண் மங்கும்வரை தையல்கூடத்துக்குப் போய்வந்தாள், சாயங்காலம் கடற்கரையில் காற்று வாங்கினாள், என் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். சைகோன்காரர் காரைக்காலில் பெண் எடுத்து, கூட்டிக்கொண்டு போனார். பல வருஷம் கழித்து அந்தப் பெண் நல்ல சதைப்பற்றோடு, கை நிறையத் தங்க வளையலோடு, புடவை கட்டிக்கொண்டு எங்கள் கோயிலில் வந்து நின்றாள். அத்தை அவளைப் பார்த்துவிட்டு என்னைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கெட்டுப்போனது அம்மாதான். தன் சிங்காரப் புத்தியால் நாத்தனார் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டோம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அடுத்த வருஷம் பாஸ்கு மணி அடித்தபோது என் பாவாடையையும் அத்தையின் புடவையையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, பெட்டியை மூடினாள். சாம்பல் புடவையோடே பூசைக்கு வந்தாள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அதற்கப்புறம் அவளுக்குத் தபசு முடியவே இல்லை. அந்த ரோப்பை என்ன செய்தாள் என்று தெரியாது. வீட்டை ஒழித்தபோது மூலைமுடுக்கெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. யாராவது துணி காட்டி எப்படியிருக்கிறது என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், நீங்களே பாத்துக்குங்க" என்பாள். அந்த வாயா இதைச் சொல்கிறது என்றிருக்கும். மீனில் நல்ல துண்டு அத்தைக்கு, விசிறிக்குக் கீழே படுக்கை அத்தைக்கு. அத்தையும் வாங்கிக்கொண்டாள். அத்தையை நான் உயிராய் நேசித்தேன், ஆனாலும் இதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு. "சொல்லிடு அத்தே" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்டி" என்பாள். கொஞ்ச நாள், கொஞ்ச நாள் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் போயிற்று. சத்தியத்தை மீறியிருக்கலாம். நான் மீறவில்லை. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை ஒரு தபசுக்காலத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷத்துப் பாஸ்குக்கு முந்தின நாள், மாம்பூ மஞ்சளில் ஒரு புடவை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன். கடை கடையாக ஏறி இறங்கித் தேடி எடுத்தது. மணி அடித்தது. புடவையை அவள் மடியில் வைத்தேன். "எடுத்துட்டுப் போ" என்றாள். அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். தையல்கூடம், முப்பது சட்டை, கிணற்றடி, செபமாலை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. இனி அம்மா பழைய அம்மாவாகிவிடுவாள் என்று நிஜமாகவே நம்பினேன்.

அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு என் கன்னத்தைத் தடவினாள்.

"என் மனசு ஆறட்டும்னு கத கட்டிக்கினு வந்தியாடி?"

"ஐயோ, சத்தியமாம்மா!"

"சத்தியம் பண்ணாத. செத்துப்போனவ மேல பழியப் போடாத. ஒரே அடுப்புல சமைச்சித் தின்னவடி அவ எங்கூட. சூதுவாது தெரியாத பொண்ணு. எனக்குத் தெரியாத அவள உனக்குத் தெரியுமா?" புடவையை மடிப்புக் கலையாமல் எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "அவ வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்" என்றாள்.

அத்தையை அடக்கம் செய்து அன்றைக்குப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.